பூனையை வெளியேற்ற வேண்டுமா?

கேள்வி: நான் மும்பை மாட்டுங்காவில் வசிக்கும் 11 வாரக் கர்ப்பிணி. எங்கள் வீட்டில் 4 ஆண்டுகளாக ஒரு பூனை இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கான ‘டார்ச்’ தொற்றுப் பரிசோதனையில், பூனை மலத்தால் பரவக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமிக்கு எதிராக இரத்தத்தில் உருவாகும் ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள்கள் இரண்டுமே பாசிட்டிவ் என்று வந்துள்ளது. பூனையை உடனே எங்காவது விட்டுவிடச் சொல்கிறார் மாமியார். குழந்தைக்கு ஆபத்தா, டாக்டர்?

பதில்: உங்கள் அச்சம் புரிகிறது, அம்மா, ஆனால் இந்த அறிக்கையை மட்டும் வைத்துக் குழந்தைக்குப் பாதிப்பு என்று முடிவுகட்ட முடியாது. புதுத் தொற்றின் அடையாளமாகக் கருதப்படும் ஐ.ஜி.எம்., சிலருக்குத் தொற்று ஏற்பட்டு ஓராண்டு கழிந்த பிறகும் இரத்தத்தில் தங்கியிருக்கும். சில வேளைகளில் தவறாகவும் பாசிட்டிவ் காட்டும். கருவுறுவதற்குப் பல மாதங்கள் முன்பே தொற்று வந்திருந்தால், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றாத தாயிடமிருந்து அது குழந்தைக்குச் செல்வது மிக அரிது. ஆகவே, தொற்று எப்போது வந்தது என்பதே இப்போது தெரிய வேண்டியது.

அதற்கு, ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்று அளக்கும் ‘ஐ.ஜி.ஜி. அவிடிட்டி’ என்ற இரத்தப் பரிசோதனை உதவும். அது உயர்வாக இருந்தால், தொற்று ஏறக்குறைய 4 மாதங்களுக்கு முன்பே, அதாவது நீங்கள் கருவுறுவதற்கு முன்பே, ஏற்பட்டுவிட்டது என்று நிம்மதி அடையலாம். குறைவாக வந்தாலும் அது ஒன்றே புதுத் தொற்றுக்குச் சான்றாகாது; இரண்டு மூன்று வாரம் கழித்து அதே ஆய்வகத்தில் மீண்டும் பார்ப்பார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் கிருமி கருவை எட்டும் வாய்ப்பு குறைவு என்றாலும், எட்டினால் மூளைக்கும் கண்ணுக்கும் பாதிப்பு கடுமையாக இருக்கும் என்பதால், ஐயம் வலுத்தால் மகப்பேறு மருத்துவர் ஸ்பைராமைசின் மாத்திரையைத் தொடங்கிவிடுவார். 18 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரைச் சோதித்தும் அறியலாம்.

பூனையை வெளியேற்ற வேண்டாம். பூனை பெரும்பாலும் முதன்முறை தொற்றும்போது மட்டும், ஒன்று முதல் மூன்று வாரம் வரை, மலத்தில் கிருமியின் முட்டைகளை வெளியேற்றுகிறது. அவை தொற்றும் தன்மை பெற 1 முதல் 5 நாள் ஆகும். எனவே மணல் தட்டை உங்கள் கணவர் நாள்தோறும் சுத்தம் செய்தால் பெரும்பங்கு ஆபத்து நீங்கிவிடும். பூனைக்குப் பச்சை இறைச்சி போடாதீர்கள். எலி பிடிக்க வெளியே விடாதீர்கள்.

சரியாக வேகாத இறைச்சி, மண் ஒட்டிய காய்கறி வழியாகவும் இக்கிருமி பரவும் என்பதால், என் கவலையெல்லாம் சமையலறையைப் பற்றியதுதான். இரத்தம் ஊறும் என்று கர்ப்பிணிகளுக்குச் சுவரொட்டியை (ஆட்டின் மண்ணீரல்) லேசாக வதக்கிக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. மட்டனோ சுவரொட்டியோ, உள்ளே சிவப்பு தெரியாமல் முழுக்க வேக வேண்டும். கறி நறுக்கிய பலகையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அதிலேயே வெள்ளரிக்காயை நறுக்கக் கூடாது. சந்தையில் வேரும் மண்ணுமாக வாங்கும் கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து, காம்புகளின் இடுக்கில் ஒட்டியிருக்கும் மண் போகும்வரை ஓடும் நீரில் அலசுங்கள். கிருமியின் முட்டைகள் ஈரமண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும் என்பதால், பால்கனித் தொட்டிச் செடிகளைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். குடிநீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்: 2004–05இல் கோயம்புத்தூரில் இந்தக் கிருமியால் கண் பாதிக்கப்பட்டு இருநூறுக்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்கு வந்தபோது, ஐயம் குடிநீர் மீதே விழுந்தது.

அவிடிட்டி பரிசோதனைக்கு இந்த வாரமே இரத்தம் கொடுங்கள். 16 வாரம் தாண்டிவிட்டால், அது உயர்வாக வந்தாலும் தொற்று கருவுறுவதற்கு முந்தையது என்று உறுதியாகச் சொல்ல இயலாது.