ஒரு மூலை போதும்

வாசகர் கேள்வி: வாடகை வீடு, சின்ன ஹால். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறை வந்தால் தோரணம், நட்சத்திரம், ஜிகினா என்று மலிவாகக் கிடைப்பதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி மாட்டுகிறோம். மாட்டி முடித்துப் பார்த்தால் சந்தைக்கடை மாதிரி இருக்கிறதே தவிர, அழகாக இல்லை. இந்த வருடம் கையில் பணமும் குறைவு. வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். எதை வாங்கலாம், எதை விடலாம்?

பதில்: இருக்கிற பணமும் பொருளும் நாலு சுவருக்கும் பிரிந்து போவதால்தான் எதுவுமே எடுபடாமல் போகிறது. இந்த முறை ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கதவைத் திறந்ததும் கண் எங்கே போகிறதோ, அல்லது மாலையில் எல்லோரும் உட்கார்ந்தால் எதிரே என்ன தெரிகிறதோ, அந்த இடம். ஒரு ஜன்னல், ஓர் அலமாரியின் மேல்தட்டு, மேஜையின் ஒரு மூலை, எதுவாகவும் இருக்கலாம். முதலில் அங்கே இருக்கிற சாவிக்கொத்து, பழைய பில், மருந்துப்பெட்டி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இதற்குச் செலவே இல்லை. ஆனால் பாதி அலங்காரம் இதிலேயே முடிந்துவிடும்.

அப்புறம் விளக்கு. பணம் கொடுத்து ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் நான் எல்.இ.டி. சீரியல் லைட்டைத்தான் வாங்கச் சொல்வேன். வாங்கும்போது அட்டையில் 'வார்ம் ஒயிட்' என்றோ, 2700 முதல் 3000 கெல்வின் என்றோ போட்டிருக்கிறதா பாருங்கள். அது மஞ்சள் சாயலுள்ள இதமான வெளிச்சம். 6000-க்கு மேல் போனால் நீலம் பாய்ந்த வெள்ளை. அதன் கீழே எதை வைத்தாலும் ஆஸ்பத்திரி வராந்தாதான். ஏழெட்டு விதமாக மினுக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிட்டு, நிலையாக எரிய விடுங்கள். மினுக்குகிற விளக்கை யாரும் பத்து நிமிடத்துக்கு மேல் ரசிப்பதில்லை.

கரண்ட் பில்லை நினைத்துப் பயப்பட வேண்டாம். நூறு பல்பு உள்ள எல்.இ.டி. சரம் ஏறக்குறைய 5 வாட் எடுக்கும். தினமும் ஆறு மணி நேரம், ஒரு மாதம் முழுக்க எரித்தாலும் ஒரு யூனிட்டைத் தொடாது. பழைய வகைச் சின்னக் கண்ணாடி பல்புச் சரம் என்றால் அதே நூறுக்கு 40 வாட் அளவில் போகும், தொட்டால் சுடவும் செய்யும். பரணில் அப்படி ஒன்று கிடந்தால், காகித அலங்காரத்தின் பக்கத்தில் மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

வீட்டில் ஒரு கண்ணாடி இருக்கிறதா, முகம் பார்க்கிற சாதாரணக் கண்ணாடி? அதைச் சுவரில் சாய்த்து வைத்து முன்னால் சரத்தைப் போடுங்கள். ஒரு சரம் இரண்டாகத் தெரியும். காலி கண்ணாடி ஜாடிக்குள் சுருட்டிப் போட்டாலும் நன்றாக இருக்கும். மாலையில் இந்த விளக்கைப் போட்டதும் ஹாலின் பெரிய லைட்டை அணைத்துவிட வேண்டும். பலர் விடுகிற தப்பு இதுதான். டியூப்லைட் எரியும்போது சீரியல் லைட் இருக்கிற இடமே தெரியாது. இருட்டினால் சுவரின் கறை, பழைய சோபா, குவிந்து கிடக்கிற துணி எல்லாம் மறைந்துபோகிற லாபமும் உண்டு.

மற்றவை எல்லாம் காகிதம். ஜன்னலில் ஒட்டுவதற்குப் பனித்துகள் வெட்டுங்கள். கடையில் கிடைப்பவற்றில் பல எட்டு முனையோடு இருக்கும், ஆனால் உண்மையான பனித்துகளுக்கு ஆறுதான். நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாகக் கோத்துக்கொள்வதால் வருகிற வடிவம் அது. 1611-லேயே கெப்ளர் என்ற வானியல் அறிஞர் இந்த ஆறு எங்கிருந்து வருகிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறார்.

ஆறு முனை வரவைக்க மடிப்பில்தான் சூட்சுமம். ஏ4 தாளில் 21 சென்டிமீட்டர் சதுரத்தை வெட்டி எடுத்து, மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். மடித்த நீளப் பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். அந்தப் பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து மூன்று சம பாகமாக மடிக்க வேண்டும்: வலது பக்கத்தைத் தூக்கி மேலே போடுங்கள், இடது பக்கத்தை அதன் மேல் போடுங்கள். ஓரங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும்வரை நகர்த்திப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே அழுத்தி மடியுங்கள். முதல் ஒன்றிரண்டு தாள் வீணானால் பரவாயில்லை. இப்போது ஒரு கூம்பு கிடைக்கும். அதை நீளவாக்கில் இன்னொரு முறை பாதியாக மடித்தால் பன்னிரண்டு அடுக்கு. மேலே நீட்டிக்கொண்டிருக்கிற காதுகளைச் சாய்வாக வெட்டித் தள்ளுங்கள், முனை அங்கேதான் உருவாகும். பிறகு இரண்டு ஓரங்களிலும் சின்னச் சின்ன முக்கோணமாக வெட்டுங்கள். வெட்டு ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை போய்விட்டால் பூ துண்டாகிவிடும். மெல்லிய தாள்தான் இதற்கு ஏற்றது, கெட்டித் தாளில் பன்னிரண்டு அடுக்கைக் கத்தரிக்கோல் கடிக்காது. விரித்த பிறகு மடிப்புத் தடம் போகவேண்டுமென்றால் ஒரு தடித்த புத்தகத்துக்குள் ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள்.

பெரியதும் சிறியதுமாகப் பத்துப் பன்னிரண்டு செய்து, ஜன்னலின் ஒரு பக்கத்தில் மட்டும் நெருக்கமாக ஒட்டுங்கள். கண்ணாடி முழுக்கச் சீராகப் பரப்பினால் மறுபடி பழைய கதைதான்.

மரம் வேண்டுமென்று குழந்தைகள் கேட்பார்கள். கீழே விழுந்து காய்ந்த ஒரு கிளையைக் கொண்டுவந்து, மணலோ கூழாங்கல்லோ நிரப்பிய தொட்டியில் நட்டு, அதில் அந்தச் சீரியல் லைட்டையே சுற்றலாம். அடிப்பாகம் கனமாக இருக்க வேண்டும், இழுத்தால் சாயக் கூடாது. பைன் காய் கிடைக்கிற ஊராக இருந்தால் பொறுக்கி வாருங்கள். கழுவியதும் செதிலெல்லாம் மூடிக்கொண்டு பார்க்கவே சகிக்காது. ஈரம் காய்ந்தால் தானாகத் திறந்துகொள்ளும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நிறம் இரண்டுக்கு மேல் வேண்டாம். கூடவே பொன் அல்லது வெள்ளி, இரண்டில் ஒன்று. ஏற்கெனவே வாங்கிச் சேர்த்தவற்றில் இந்தக் கணக்குக்குள் வருவதை மட்டும் வெளியே எடுங்கள், மற்றவை பெட்டியிலேயே இருக்கட்டும். கண்ணாடியில் அடிக்கிற பனி ஸ்ப்ரேயும் தூள் ஜிகினாவும் எனக்கு ஆகாது. மலிவுதான், ஆனால் அந்தத் தூளை மறு வருடம்வரை பெருக்கிக்கொண்டிருப்பீர்கள்.

ஆணிக்குப் பதில், உரித்தெடுக்கக்கூடிய ஒட்டுக் கொக்கி வாங்கலாம். ஒட்டுகிற இடத்தை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டு ஒட்டுங்கள். கழற்றும்போது ஒட்டுப்பட்டையின் நுனியைச் சுவரோடு சேர்த்து நேராகக் கீழே இழுக்க வேண்டும். உங்கள் பக்கம் இழுத்தால் பெயின்ட் பெயர்ந்து வரும். புதிதாக வெள்ளையடித்த சுவரில் இதையும் ஒட்டாதீர்கள். சாதாரண டேப் கறை வைக்கும். உண்மையில் திரைச்சீலைக் கம்பி, அலமாரிக் கைப்பிடி, நாற்காலி முதுகு இவை இருந்தால் கொக்கியே அநேகமாகத் தேவைப்படாது.

சின்னக் குழந்தைகள் இருப்பதால் ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். பட்டன் பேட்டரி போட்டு எரிகிற குட்டி விளக்குகள், போலி மெழுகுவத்திகள் நிறைய வருகின்றன. அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடலாம். பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடியதாக இல்லையென்றால் வீட்டுக்குள் விடாதீர்கள். விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். நிஜ மெழுகுவத்தி ஏற்றுவதானால் திரை, காகிதம், கிளை எல்லாவற்றிலிருந்தும் ஓர் அடியாவது தள்ளி வையுங்கள். ஆள் இல்லாத அறையில் எரிய விடாதீர்கள். தூங்கப் போகும்போது சீரியல் லைட்டின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

இன்னும் ஏதாவது வாங்கியே தீரவேண்டுமென்று தோன்றினால் பண்டிகை முடியும்வரை பொறுங்கள். மிச்சச் சரக்கை விலை குறைத்துத் தள்ளுவார்கள். அப்போதும் வருடம் அச்சடித்த பொருளை விட்டுவிட்டு, கொக்கி, விளக்கு, ஒரே நிற உருண்டைகள் என்று அடுத்த வருடமும் உதவுவதை எடுங்கள். விளக்குச் சரத்தை ஓர் அட்டைத்துண்டில் சுற்றி வைத்தால் சிக்காது. உருண்டைகளுக்கு முட்டை அட்டை சரியாக இருக்கும். பேட்டரியில் எரிகிறது ஏதாவது இருந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு உள்ளே வையுங்கள், இல்லையென்றால் கசிந்து முனைகளை அரித்துவிடும்.