மாஞ்சோலை ஏறும் முன் வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவை

கேள்வி: அண்ணாச்சி, நாங்கள் பாளையங்கோட்டை. அப்பாவுக்கு 66 வயது, முட்டுவலி உண்டு. மகன் ஏழாவது படிக்கிறான், பறவை என்றால் உயிர். பிப்ரவரியில் மூன்று நாள் மாஞ்சோலைப் பக்கம் ஒரு வழிகாட்டியோடு போகலாம் என்று நினைக்கிறேன். விசாரித்த ஒருவர், "120 வகைக்கு நான் உத்தரவாதம், இருவாச்சியைக் கூட்டோடு காட்டுகிறேன்" என்கிறார். நம்பிப் போகலாமா? என்ன பைனாகுலர் வாங்குவது? அட்டைக் கடிக்கு என்ன செய்வது?

பதில்: பிப்ரவரி நல்ல தேர்வு. அந்த வழிகாட்டி வேண்டாம்.

மூன்று நாளில் 120 வகை என்பது நம் பக்கத்தில் நடக்காத காரியம் இல்லை. கூந்தன்குளத்தில் ஒரு காலை, பாபநாசம் ஆற்றோரம் ஒரு மாலை, நடுவே அடிவாரப் புதர்க்காடு, மேலே சோலை என்று வண்டியை விரட்டினால் எண்ணிக்கை சேர்ந்துவிடும். ஆனால் அதில் பாதியை உங்கள் மகன் பார்த்திருக்க மாட்டான். "அதோ, போயிருச்சு" என்று சொன்னதைக் கேட்டிருப்பான், அவ்வளவுதான்.

எனக்கு அதைவிடப் பெரிய குறையாகப் படுவது கூட்டைக் காட்டுகிறேன் என்ற பேச்சு. பெரிய இருவாச்சி உயரமான மரத்தின் பொந்தில் முட்டையிடும். பெண் பறவை உள்ளே போய் வாசலைத் தன் எச்சத்தாலேயே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விட்டிருக்கும். அதன்பின் வாரக்கணக்கில் பெண்ணுக்கும், பிறகு குஞ்சுக்கும், ஆண் கொண்டுவருவதுதான் சாப்பாடு. பிப்ரவரி சரியாக அந்தக் காலத்தில் வருகிறது. மரத்தடியில் ஆள் நின்றால் ஆண் பறவை பழத்தோடு தூரத்து மரத்திலேயே உட்கார்ந்துவிடும், கிட்டே வராது. நீங்கள் படம் எடுக்கும் அந்த ஒரு மணி நேரம் உள்ளே இருப்பவை பட்டினி. நல்ல வழிகாட்டிக்குப் பொந்து இருக்கும் இடம் தெரிந்திருக்கும்; உங்களை அந்தப் பக்கமே கூட்டிப் போக மாட்டார். இருவாச்சியை அது பழம் தின்ன வரும் அத்திமரத்தில் பார்த்துக்கொள்ளலாம். பறக்கும்போது இறக்கையில் காற்று இழுபடும் சத்தம் பறவைக்கு முன்னாலேயே வந்துவிடும்.

புதிதாக ஒருவரை விசாரிக்கும்போது "என்னென்ன காட்டுவீர்கள்" என்று தொடங்க வேண்டாம். "காலையில் எத்தனை கிலோமீட்டர் நடப்போம்?" என்று கேளுங்கள். ஏழெட்டு என்று பெருமையாகச் சொன்னால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு என்று சொல்பவர்தான் மழைக்காட்டை அறிந்தவர்.

இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் மூன்று நாளும் வேறு மாதிரி இருக்கும். குளத்திலும் வயலிலும் பறவை அங்கங்கே பரவி நிற்கும், நடந்தால் பார்க்கலாம். மழைக்காட்டில் பூச்சி தின்னும் சின்னப் பறவைகள் பல வகையாகச் சேர்ந்து கூட்டமாகவே திரியும். துடுப்புவால் கரிச்சான் சத்தம் போட்டுக்கொண்டு முன்னே வரும். பின்னால் மின்சிட்டுகள், பட்டையில் தலைகீழாக இறங்கும் பசையெடுப்பான், மரங்கொத்தி, மஞ்சள்புருவச் சின்னான், ஈப்பிடிப்பான்கள், நேரம் நன்றாக இருந்தால் வெண்வயிற்று வால்காக்கையும். ஒன்று கிளையை உலுக்கும்போது கிளம்பும் பூச்சி இன்னொன்றுக்கு இரை. வல்லூறு வந்தால் கவனிக்கப் பல ஜோடிக் கண்கள். இந்தக் கூட்டம் தலைக்கு மேல் வந்தால் ஐந்து நிமிடத்துக்கு எதைப் பார்ப்பது என்று தெரியாது. போய்விட்டால் ஒரு மணி நேரம் காடே காலியானது போலிருக்கும். நடந்துகொண்டே இருப்பவர் பெரும்பாலும் அந்தக் காலியான இடங்களைக் கடந்துகொண்டிருப்பார். பூத்த மரமோ பழுத்த அத்தியோ தெரியும் ஒரு வளைவில் முக்கால் மணி நேரம் நிற்பவரைத் தேடி கூட்டமே வரும். அப்பாவின் முட்டுக்கும் இதுதான் தோது. ஒரு மடக்கு ஸ்டூலை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்தான் உங்கள் மூவரில் அதிகம் பார்க்கப் போகிறவர்.

அடுத்த கேள்வி: "செல்போனில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடுவீர்களா?" ஆமாம் என்றால் அவரும் வேண்டாம். ஆண் பறவை அதைக் கேட்டு எதிரி தன் எல்லைக்குள் வந்துவிட்டான் என்று இரையை விட்டு, கூட்டை விட்டு, சண்டைக்கு வரும். நமக்கு நல்ல படம், அதற்கு வீண் அலைச்சல். வண்டி நிற்க வசதியான வளைவுகள் மலைப்பாதையில் சிலவே. வருகிறவர்கள் எல்லாரும் அதே வளைவில் அதே பறவையைக் கூப்பிட்டால் அது குடும்பம் நடத்துவது எப்போது?

ஆசம்பு சிரிப்பான் விஷயத்தில் இது இன்னும் கவலைக்குரியது. சாம்பல் நெஞ்சும் வெள்ளைப் புருவமும் கொண்ட இந்தப் பறவை உலகத்திலேயே செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ள நம் ஆசம்பு மலைகளின் மேல்மட்டத்தில்தான் இருக்கிறது. இதன் உறவுகள் பழனி, நீலகிரி, வயநாட்டு பாணாசுரம் என்று ஆளுக்கொரு மலையில் தனித்தனியே நிற்கின்றன. குளிர்ந்த சோலையை விட்டு இறங்கிச் சூடான கணவாயைக் கடக்காததால், நெடுங்காலத்தில் ஒவ்வொன்றும் வேறு இனமாகப் பிரிந்துவிட்டது. 2017இல்தான் மரபணு ஆய்வின் அடிப்படையில் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தனிப் பேரினம் வகுத்தார்கள். கூப்பிடத் தேவையும் இல்லை. மாஞ்சோலைக்கு மேலே உள்ள நாலுமுக்கு தாண்டிய உயரத்தில் சோலையோரப் புதர் அருகே அமைதியாக நின்றால், கும்பலாகக் கலகலத்துக்கொண்டு அவையே தாழ வரக்கூடும்.

இனி நாட்களை எப்படி வைப்பது. பலரும் முதல் நாளே மலை ஏறுவார்கள். உங்கள் மகனுக்காக நான் கூந்தன்குளத்தில் தொடங்கச் சொல்வேன். இருட்டுக் காட்டில், கழுத்தை அண்ணாந்து, இலைக்குள் அசையும் நாலு அங்குலப் பறவையைப் பைனாகுலருக்குள் கொண்டுவருவது பெரியவர்களுக்கே பழக வேண்டிய வித்தை. கூந்தன்குளத்தில் பிப்ரவரியில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே, வீட்டுப் பக்கத்து மரத்தில், கூடு கட்டிக்கொண்டிருக்கும். பெரிய பறவை, திறந்த வெளிச்சம், ஓடி ஒளியாது. குளத்துக்குள் கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், இமயத்தைத் தாண்டி வந்த வரித்தலை வாத்து. 1994இல் சரணாலயமாக அறிவிக்கும் முன்பே ஊர்க்காரர்கள் காத்த இடம் அது. எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு அள்ளுவார்கள், விழுந்த குஞ்சை எடுத்து வளர்ப்பார்கள். இங்கே கூட்டைப் பார்க்கலாமா என்று பையன் கேட்பான். மனுசரோடு தலைமுறையாகப் பழகிய பறவை இது, காட்டுக்குள் இருப்பது அப்படி இல்லை என்று சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் அடிவாரம். மணிமுத்தாறு அணைப் பக்கத்துப் புதர்க்காட்டில் பனங்காடை, பஞ்சுருட்டான், கவுதாரி, வெண்புருவச் சின்னான். ஆறுமணிக்குருவி குளிர்கால விருந்தாளி. காலையும் மாலையும் புதருக்குள்ளிருந்து இரட்டை விசில் அடிக்கும். பாபநாசம் ஆற்றோர மருத மர நிழலில் பெரிய அலகு மீன்கொத்தியைத் தேடுங்கள். அன்று அதற்கு மேல் எதையும் திணிக்க வேண்டாம்.

மூன்றாம் நாள் மலை. மாஞ்சோலை ஆயிரம் மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கிறது. காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று போகப் போக இன்னும் ஏற்றம். பறவையும் அந்தக் கணக்கில் மாறும். ஏறும் வழியில் உள்ள காட்டில் தீக்காக்கை, மரகதப்புறா, சோலைபாடி. காக்காச்சியைச் சுற்றி வெடிப்பலாவும் பாலியும் ஓங்கிய பசுமைமாறாக் காடு. வெடிப்பலா பூக்கும் காலத்தில் சிங்கவால் குரங்கும் அந்த மரத்தில் இருக்கும். அதற்கு மேலே நீலகிரி ஈப்பிடிப்பான், கருப்பும் ஆரஞ்சுமான ஈப்பிடிப்பான், நீலகிரிக் காட்டுப்புறா, ஓடையோரத்தில் சீகாரப் பூங்குருவி. இதில் இரண்டு இடத்தை மட்டும் தேர்ந்து, இரண்டிலும் நிதானமாக நில்லுங்கள். அடிவாரத்தில் தங்கி ஏறுவதால் விடியலை மேலே பிடிக்க முடியாதே என்று வருந்த வேண்டாம். மேல்காட்டில் மூடுபனி விலகித்தான் பறவை கலகலக்கும். ஒன்பது, பத்து மணிக்கும் நன்றாகவே இருக்கும்.

அனுமதி இல்லாமல் எதுவும் நடக்காது. களக்காடு, முண்டந்துறை சரணாலயங்களைச் சேர்த்து 1988இல் அமைத்த புலிகள் காப்பகம் இது. அம்பாசமுத்திரம் வனத்துறை அலுவலகத்தில் நீங்களே நேரில் கேளுங்கள். விதிகள் மாறிக்கொண்டிருக்கும், புலிக் கணக்கெடுப்பு நாட்களில் விடவும் மாட்டார்கள். "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பவரிடம் அனுமதிக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். இருட்டிய பிறகு வண்டியில் சுற்றிக் காட்டுகிறேன் என்பவர் உங்களைச் சட்டத்துக்கு எதிராகக் கூட்டிப் போகிறார். வனத்துறை அனுமதியோடு வரும் காணிக்காரர், அதாவது இந்த மலையின் பழங்குடியினர், யாராவது துணைக்குக் கிடைத்தால் விடவே விடாதீர்கள். யானை நின்ற இடத்தை வாசத்திலேயே சொல்வார்கள். பறவைக் குரலில் அவர்களுக்கு இருக்கும் தேர்ச்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மேலே கடை இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929இல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்து நடந்த தேயிலைத் தோட்டம், 2024இல் வேலையை நிறுத்திவிட்டது. தலைமுறைகளாக அங்கேயே பிறந்து கொழுந்து பறித்த குடும்பங்கள் பல மலையிறங்க வேண்டியதாயிற்று. அவர்கள் வாழ்ந்த லயங்களை, அந்த வரிசை வீடுகளை, கடக்கும்போது மனசு கனக்கத்தான் செய்யும். சாப்பாடு, தண்ணீர், அப்பாவின் மாத்திரை எல்லாம் கையில் இருக்கட்டும். கரடியும் காட்டுமாடும் நடமாடும் ரோடு அது. பையனைத் தனியே முன்னே ஓட விடாதீர்கள்.

பைனாகுலரில் 8x42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 8x42க்கு 5.25 மி.மீ., 10x42க்கு 4.2, சட்டைப் பையில் போடும் 8x25க்கு மூன்று சொச்சம். சோலை நிழலில் உங்கள் கண்மணி விரியும். கற்றை குறுகியதாக இருந்தால் பறவை கருப்பு உருவமாகத்தான் தெரியும். 10 மடங்கு என்றால் கைநடுக்கமும் பத்து மடங்கு. பையன் கைக்கு 8x42 கனமாக இருந்தால் 8x32 போதும். மூவருக்கும் சேர்த்து ஒன்று என்று மட்டும் வாங்காதீர்கள். கூட்டம் வரும் அந்த ஐந்து நிமிடத்தில் சண்டைதான் மிஞ்சும்.

குரலை வைத்துப் பறவையைச் சொல்லும் மெர்லின் செயலியைப் பையன் வைத்திருக்கட்டும், ஆனால் அது சொன்னதைப் பார்த்து உறுதி செய்த பிறகே எழுதச் சொல்லுங்கள். துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை அச்சாகப் பேசும், செயலி ஏமாறும்.

அட்டை பிப்ரவரியில் குறைவுதான். ஆனாலும் ஊத்து, நாலுமுக்கு பக்கம் எப்போது மழை தூறும் என்று சொல்ல முடியாது. முட்டு வரை வரும் அட்டை உறை வாங்கிப் பேண்ட்டுக்கு மேலே கட்டிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் நெருப்பு வைக்கவோ பிடித்து இழுக்கவோ வேண்டாம். ஒட்டியிருக்கும் வாய்ப்பக்கத்தில் நகத்தைப் பக்கவாட்டில் நகர்த்தினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் கசியும், அது உறையாதபடி அட்டை ஏதோ செலுத்திவிட்டுத்தான் குடிக்கிறது. கழுவி, துணி வைத்து அழுத்தினால் போதும். அப்பா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால் மட்டும் முதலில் அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்து பையன் தன் பட்டியலை ஈபேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றட்டும், அந்தப் பதிவுகளுக்கு மதிப்பு உண்டு. எங்காவது தற்செயலாகக் கூட்டைப் பார்த்திருந்தால், அந்த இடத்தையும் படத்தையும் மட்டும் எங்கேயும் போட வேண்டாம்.