புயலும் நாட்டின் வளர்ச்சியும்: கேள்வி பதில்

கேள்வி: புயல் என்ன, ஏழை நாடு, பணக்கார நாடு என்று பார்த்தா அடிக்கிறது? வளர்ச்சிக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பதில்: காற்று எதையும் பார்ப்பதில்லை. ஆனால் அது கரையேறும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதை வைத்தே சாவு எண்ணிக்கை அமைகிறது. 2007 நவம்பரில் வங்கதேசத்தைத் தாக்கிய சித்ர் புயலின் காற்று வேகம், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் மணிக்கு 215 கிலோமீட்டர். ஆறு மாதம் கழித்து, 2008 மே மாதத் தொடக்கத்தில், மியான்மரின் ஐராவதி டெல்டாவில் கரையேறிய நர்கிஸ் புயலுக்கு அதே துறை கணித்த வேகம் 165 கிலோமீட்டர். வலுவான சித்ர் பலிகொண்டது ஏறத்தாழ 3,400 பேரை; நர்கிஸிலோ இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஏறத்தாழ 1,38,000 பேர்.

கேள்வி: இரண்டுமே ஏழை நாடுகள்தாமே? அப்படியானால் வருமானம் காரணமில்லை என்று ஆகிவிடாதா?

பதில்: நல்ல கேள்வி. வளர்ச்சி என்றால் தனிநபர் வருமானம் மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு புரியாது. 1970 நவம்பரில் போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்த வங்கதேச மண்ணில், நாடு விடுதலை பெற்ற கையோடு, 1972இல் புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தை அரசும் செஞ்சிலுவை இயக்கமும் சேர்ந்து தொடங்கின. அப்போது உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்றாக வங்கதேசம் இருந்தது. திட்டம் நம்பியது உள்ளூர்த் தொண்டர்களை. நம் துறைமுகங்களில் கூண்டு ஏற்றுவதைப் போல, அங்கே ஊருக்குள் கம்பத்தில் கொடி ஏற்றுவார்கள்; ஆபத்து கூடக்கூட ஒன்று, இரண்டு, மூன்று. ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு தொண்டர் வீடு வீடாகப் போவார். சொல்பவர் பக்கத்துத் தெருக்காரர் என்பதால் மக்கள் காது கொடுக்கிறார்கள். ஒதுங்கும் கட்டடம் கான்கிரீட் தூண்களின் மேல் நிற்கும். கடல் பொங்கி வந்தால் தண்ணீர் தூண்களுக்கிடையே ஓடிவிடும். மற்ற நாட்களில் மாடியில் பள்ளிக்கூடம் நடப்பதால் அது பூட்டிக் கிடந்து பாழாவதில்லை.

ஐராவதி டெல்டாவில் அப்போது இவை எதுவும் இருக்கவில்லை. புயல் வருகிறது என்று இந்தியா முன்கூட்டியே தெரிவித்திருந்தும், அந்தச் செய்தி கிராமத்தின் கடைசி வீடு வரை போய்ச்சேர வழியில்லை. போய்ச்சேர்ந்திருந்தாலும் ஓடி ஏற மேடில்லை. வயலுக்காகவும் இறால் பண்ணைக்காகவும் அலையாத்திக் காடுகள் பெருமளவு அழிக்கப்பட்டிருந்தன. புயலுக்குப் பின் வெளிநாட்டு உதவியை இராணுவ அரசு வாரக்கணக்கில் தடுத்தது. இதைப் பணப் பற்றாக்குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: வங்கதேசத்தில் திட்டம் 1972இலேயே தொடங்கியதென்றால், 1991 புயலில் அங்கே ஏன் அவ்வளவு பேர் இறந்தார்கள்?

பதில்: 1991 ஏப்ரல் 29 இரவு சிட்டகாங் கரையில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை பலருக்கு எட்டியது. ஆனால் ஒதுங்கும் கட்டடங்கள் போதவில்லை. இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் மிக அதிகம். கணவன் வரட்டும் என்று வீட்டில் காத்திருந்தவர்கள், ஆண்களோடு ஒரே கூடத்தில் தங்கத் தயங்கியவர்கள், நனைந்த சேலை காலைச் சுற்ற, இடுப்பில் பிள்ளையோடு நீந்த முடியாமல் போனவர்கள். அதன்பிறகு கட்டடங்கள் பெருகின. பெண்களுக்குத் தனி அறைகள் வந்தன. இன்று ஏறத்தாழ 76,000 தொண்டர்களில் பாதிப்பேர் பெண்கள். ஆடுமாடுகளை விட்டுவிட்டு வர மாட்டோம் என்றவர்களுக்காக, அவற்றை ஏற்றிக் கட்டிவைக்க உயர்ந்த மண்மேடுகளும் எழுப்பப்பட்டன. ஒரு பசுதான் ஒரு குடும்பத்தின் முழுச் சேமிப்பு என்பதை அறிந்தவர்கள் செய்த வேலை அது.

கேள்வி: அமெரிக்கா போன்ற நாட்டில் 2005இல் கத்ரீனா புயலால் ஆயிரத்துக்கு மேல் இறந்தார்களே?

பதில்: பணக்கார நாட்டுக்குள்ளும் ஏழைகள் இருக்கிறார்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காலி செய்யச் சொன்னபோது, கார் இல்லாதவர்களும் முதியவர்களும் நோயாளிகளும் பின்தங்கிப் போனார்கள். லூசியானாவில் இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 75 வயதைக் கடந்தவர்கள்.

கேள்வி: பண இழப்பு எங்கே அதிகம்?

பதில்: டாலர் கணக்கில் பணக்கார நாடுகளில். கத்ரீனாவின் சேதமே நூறு பில்லியன் டாலருக்கு மேல். ஆனால் அந்தப் பெருந்தொகையும் அமெரிக்காவின் ஆண்டு உற்பத்தியில் ஒரு சதவீத அளவுதான். 2017இல் மரியா புயல் அடித்த டொமினிக்கா என்னும் சிறு தீவு நாட்டிலோ, ஒரே இரவில் நேர்ந்த சேதமும் இழப்பும் அந்நாட்டின் ஆண்டு உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கு மேல், 226 சதவீதம் என்று கணக்கிடப்பட்டது. ஆகவே டாலரை மட்டும் ஒப்பிடும் பட்டியல்களை நான் நம்புவதில்லை.

கேள்வி: உயிர்ப்பலி குறைந்துவிட்டதென்றால் வங்கதேசத்தின் சிக்கல் தீர்ந்ததாகக் கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. உயிரைக் காப்பது ஓர் இரவு வேலை. வாழ்க்கையை மீட்பதற்குப் பணம் வேண்டும், அது அவர்களிடம் இல்லை. 2009 மே மாதம் வந்த ஐலா புயலில் இறந்தவர்கள் சில நூறு பேர்தான். ஆனால் தென்மேற்குக் கரையில் மண்கரைகள் உடைந்து, உப்புநீர் வயலுக்குள் நாள்தோறும் ஏறி இறங்கியது. நெல் விளையவில்லை, குளத்து நீர் கரித்தது. உடைப்பை அடைக்க ஆண்டுக்கணக்கில் ஆனது. அதுவரை பல குடும்பங்கள் மிஞ்சி நின்ற கரையின் முதுகிலேயே குடிசை போட்டு வாழ்ந்தன. முன்னும் பின்னும் தண்ணீர் கிடக்க, குடிக்கும் நீருக்காகப் பெண்கள் குடத்தோடு நெடுந்தூரம் நடந்தார்கள்.