குகைச் சுவரும் லேப் டிப்பும்

ஐயா, “குகை ஓவியம் படித்தால் சோறு கிடைக்குமா” என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மகள் கேட்பது ஓவியப் படிப்பே இல்லை, குகை ஓவிய நிறங்களை ஒளியால் அளந்து ஆராயும் இயற்பியல். அதுவும் திருப்பூர் சாயப்பட்டறை லேபில் நீங்கள் தினமும் செய்கிற இயற்பியல்.

சின்னத் துணித் துண்டில் சாய மாதிரி, அதாவது லேப் டிப் போட்டு, நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவியில் ஷேடு பார்க்கிறீர்களே, அந்தக் கம்ப்யூட்டர் ரெசிபிக்கு அடிப்படை 1931இல் வந்த குபெல்கா-முங்க் சமன்பாடு. நிறம் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது, எவ்வளவைச் சிதறடிக்கிறது என்ற கணக்கு. ஆதிமனிதர் ஓவியம் வரைந்த பிரான்சின் லாஸ்கோ குகைச் சுவருக்கும் இதே கணக்கைப் போடலாம். அங்கே சிவப்பு ஹேமடைட், மஞ்சள் கோதைட். இரண்டும் இரும்புச் சேர்மங்கள். கோதைட்டைச் சுட்டால் ஹேமடைட் ஆகிவிடும். ஹேமடைட்டிலும் துகள் நுண்ணியதாக இருந்தால் நல்ல சிவப்பு, பருத்தால் ஊதாச் சாயல். சுவரைச் சுரண்டிப் பார்க்க முடியாது. 1963இலேயே பொதுமக்களுக்குக் குகையை மூடிவிட்டார்கள். அதனால் தொடாமல் ஒளியை அளந்து, மாதிரிக் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள்.

பகலில் சரியாக இருந்த ஷேடு கடை விளக்கில் மாறித் தெரிந்து, பார்ட்டி சரக்கைத் திருப்பி அனுப்பிய கதை உங்களிடம் நாலைந்தாவது இருக்கும். லாஸ்கோவில் மணற்கல் விளக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. அந்தக் கொழுப்பு விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் வரைந்தவன் கண்ணுக்கு அந்தச் சிவப்பு எப்படித் தெரிந்திருக்கும்? வெவ்வேறு விளக்கில் ஷேடு பார்க்கும் உங்கள் லைட் பாக்ஸ் கேள்விதான் இது, பல்லாயிரம் வருடம் பழையது.

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். குகை ஓவிய இயற்பியல் என்ற பெயரில் வேலை விளம்பரம் எதுவும் வராது. பிஎச்டி வரை போக வேண்டும். இடங்கள் குறைவு, பெரும்பாலும் ஐரோப்பாவில். பாரிஸில் லூவர் அருங்காட்சியக வளாகத்தில் இப்படியோர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஆகவே இப்போதே “தொல்லியல்” என்று பெயர் போட்ட படிப்பைத் தேட வேண்டாம். ஐஐடி ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி. இயற்பியலில் சேரட்டும்; ஒளியியலும் பைத்தான் நிரல்மொழியும் கையில் பழகட்டும். அதற்குப் பிறகு குகை கிடைக்காவிட்டாலும் பெயிண்ட், துணி, அழகுசாதன ஆய்வுக்கூடங்கள் உண்டு, செயற்கைக்கோளிலிருந்து நிலத்தை ஆராயும் தொலையுணர்வு உண்டு. செவ்வாயில் ஹேமடைட் இருப்பதைக் கண்டதும் நிறமாலையை வைத்துத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை உங்கள் லேபுக்கு அழைத்துப் போங்கள். மஞ்சள் காவியை (அதில் இருப்பதும் கோதைட்தான்) பொடித்து இரும்பு வாணலியில் நன்றாக வறுத்து, வறுப்பதற்கு முன்னும் பின்னும் ஸ்பெக்ட்ரோவில் ரீடிங் எடுக்கட்டும். அந்த இரண்டு வளைகோடுகளோடு எனக்கு எழுதச் சொல்லுங்கள்.