சொல்லும் பொருளும்: பேரன் எப்படி ‘வார்டு’ ஆனான்?

கேள்வி: பேரனின் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில் அவனை ‘யுவர் வார்டு’ என்று குறிப்பிட்டிருந்தார்கள். நான் ஓட்டுப் போடுவது வார்டில். மருமகள் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரி வார்டில். எங்கள் பிள்ளை எப்படி சார் வார்டு ஆவான்?
– ஒரு பாட்டி, சத்துவாச்சாரி

பதில்: அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. தொரப்பாடி மத்திய சிறையில் அவர் வார்டர். நைட் டூட்டி முடிந்து விடியற்காலையில் வருவார். பூட்ஸ் சத்தம் கேட்டால்தான் அம்மா அடுப்பு பற்றவைப்பாள். அந்த வார்டரும் உங்கள் வீட்டு மூன்று வார்டுகளும் ஒரே வேரில் வந்தவை.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘வெயார்டு’ என்றால் காவல். காக்கிற ஆளுக்கும் அதுவே பெயர். வீட்டு எஜமானை ‘ஹ்லாஃப்வெயார்டு’ என்றார்கள், ரொட்டிக்குக் காவலன் என்று பொருள். வாயில் தேய்ந்து தேய்ந்து அதுதான் இன்றைய ‘லார்டு’. வீட்டுச் சோற்றைக் காப்பவனே தலைவன் என்று பெயர் வைத்த அந்த ஜனங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பிறகு காவலுக்கு உட்பட்ட இடமும் வார்டு ஆயிற்று. கோட்டை மதிலுக்குள் இருக்கும் முற்றம், சிறையின் ஒரு பகுதி, ஓர் ஆல்டர்மேன் (நகரசபையின் மூத்த உறுப்பினர்) பொறுப்பிலிருந்த லண்டன் நகரப் பகுதி, எல்லாமே வார்டு. நம் வேலூர் மாநகராட்சியின் 60 வார்டுகளும் அந்த வழியில் வந்தவைதான். ஆஸ்பத்திரிக்கு இந்தச் சொல் 18-ஆம் நூற்றாண்டில்தான் போனது.

அப்பா போன பிறகு அவருடைய டிரங்குப் பெட்டிச் சாவி கிடைக்கவில்லை. லாங்கு பஜாரில் ஒரு பூட்டு ரிப்பேர்க்காரர் பூட்டைப் பிரித்து, உள்ளே வளைந்து நின்ற மெல்லிய தகட்டை நகத்தால் தொட்டுக் காட்டினார். “வேற சாவி போட்டா இதுல இடிச்சு நின்னுடும் சார். இதுக்குத் தோதா வெட்டு இருந்தாத்தான் சுத்தும்” என்றார். அந்தத் தகட்டுக்கும் ஆங்கிலத்தில் வார்டு என்றுதான் பெயர். அன்று வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டியவன்தான், இன்னும் மூடவில்லை.

இப்போது உங்கள் பேரன். காக்கப்படுகிறவனையும் வார்டு என்று சொல்லும் வழக்கம் இங்கிலாந்தின் நிலப்பிரபுக்கள் காலத்தது. தகப்பன் இறந்து வாரிசு சிறுவனாக இருந்தால், பிரபுவே அவனுக்குக் காப்பாளர். நில வருமானம் அவருக்கு. பையனின் கல்யாணத்தை முடிவுசெய்யும் உரிமையும் அவருக்கு. அந்தக் காப்புரிமையை விலைக்கு விற்கவும் செய்தார்கள். இதற்கென்றே 8-ஆம் ஹென்றி 1540-இல் ஒரு நீதிமன்றம் வைத்தார். 1660-இல் அது சட்டப்படி ஒழிந்தது. பெயர் மட்டும் கப்பலேறியது. மைனர் ஜமீன் வாரிசுகளின் சொத்தைப் பார்த்துக்கொள்ள சென்னை மாகாணத்தில் 1804-இல் சட்டம் போட்டு அமைத்தது ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’. தகப்பனை இழந்த பிள்ளைகளைக் குறித்த சொல்லை, தாயும் தகப்பனும் இருக்கிற பிள்ளைக்குப் போடுவது எனக்கு உறுத்துகிறது. ‘உங்கள் பிள்ளை’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே வேர்ச்சொல் ஜெர்மானியக் கூட்டத்தாரோடு பிரான்சுக்குப் போய், அங்கே ‘வ’ என்ற ஒலி ‘க’ ஆகி, ஆங்கிலத்துக்கே திரும்பி வந்தது. அதுதான் காவலர் என்ற பொருளில் வரும் ‘கார்டு’. காட்பாடியில் கொடி காட்டிய ரயில்வே கார்டும் தொரப்பாடி வார்டரும் அண்ணன் தம்பிகள். அந்தப் பள்ளிப் படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போடும் இடத்தில் ‘கார்டியன்’ என்று இருக்குமே அம்மா, அதுவும் அதே வேர்தான்.

கேள்வி: ‘ஃபார்வர்டு’, ‘பேக்வர்டு’ என்பவற்றில் வருவதும் இந்த வார்டுதானா?
– ஒரு கல்லூரி மாணவர், ஆம்பூர்

பதில்: இல்லை தம்பி. அது ‘அந்தப் பக்கம் திரும்பிய’ என்று பொருள்படும் வேறொரு பழைய விகுதி. காவல் குடும்பத்தில் ‘வார்டன்’ உண்டு, ‘ஸ்டூவர்டு’ உண்டு. துணிமணிகளைக் காக்கும் இடம் என்ற பொருளில் ‘வார்ட்ரோப்’பும் உண்டு.