என் கட்டிலை இன்னொருத்தி விரிப்பதைப் பார்க்க முடியவில்லை

வணக்கம்.

சூரிச்சில் இருக்கிறேன், இரண்டு பிள்ளைகள், காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வேலை. என் நாற்பதாவது பிறந்தநாளுக்கு இவர் எனக்குத் தெரியாமல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் ஒரு ஹோட்டல் போட்டிருந்தார். கடற்கரை ஹோட்டல் இல்லை. திரமுந்தானா மலையடிவாரத்தில் பழைய காலத்துப் பண்ணை வீடொன்றைச் சொகுசு ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். சுற்றிவர ஒலிவ் மரங்களும் கல் அடுக்கிய வரம்புகளும்தான், இரவில் செம்மறிகளின் கழுத்து மணியைத் தவிர ஒன்றும் கேட்காது. பிள்ளைகளை மாமியிடம் விட்டுவிட்டுப் போனோம். இடத்தில் ஒரு குறையும் இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா இன்டர்லாக்கன் பக்கம் ஒரு ஹோட்டலில் வருடக்கணக்காக அறை துப்புரவு செய்தவர். அப்பா பக்கத்து உணவகத்தில் கோப்பை கழுவினார். சனிக்கிழமைகளில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போவார், மெத்தை மூலையில் விரிப்பை மடித்துச் சொருகுவது எனக்கு இன்றைக்கும் கை மறக்கவில்லை. மயோர்க்காவில் முதல் நாள் காலைச் சாப்பாடு முடித்து அறைக்குத் திரும்பினால், என் வயது இருக்கும், ஒரு பெண் குளியலறைத் தரையில் முழங்காலில் இருக்கிறார். என்னைக் கண்டதும் அவசரமாக எழும்பி மன்னிப்புக் கேட்டார். அவர் என்னிடம்!

அடுத்த நாளிலிருந்து விடிய எழும்பி நானே கட்டிலை விரித்து, தொட்டியைத் துடைத்து, துவாய்களை மடித்து வைக்கத் தொடங்கினேன். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. இதற்கா இவ்வளவு காசு கட்டி வந்தோம் என்றார். உங்கள் அப்பா வாத்தியார், உங்களுக்கு இது விளங்காது என்று நானும் சொல்லிவிட்டேன். அன்று முழுக்க இரண்டு பேரும் கதைக்கவில்லை.

அப்புறம் ஒரு மாலை அங்கே வேலை செய்யும் ஒருவர் விருந்தினர்களைக் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினார். சாப்பாட்டு மண்டபம் முன்பு ஒலிவ் ஆட்டிய செக்குக் கூடமாம், வீட்டின் ஒரு பக்கம் முதலாளி குடும்பத்துக்கு, மறுபக்கம் பண்ணையை நடத்தியவர் குடும்பத்துக்கு, ஒலிவ் பொறுக்க வெளியூர்களிலிருந்து வந்த பெண்கள் மேல் பரணில் படுப்பார்களாம். அந்தப் பரண்தான் இப்போது எங்கள் அறை. கூட வந்தவர்கள் ஆகா என்றார்கள், எனக்கு அன்றிரவு நித்திரையே இல்லை.

திரும்பி வந்து அம்மாவிடம், கிராமத்தில் ஒரு சின்ன வீட்டில் நின்றோம் என்று மட்டும் சொன்னேன். இவர் அடுத்த வருடமும் போவோமா என்று கேட்கிறார். எனக்குச் சந்தோஷமாக இருக்கத் தெரியவில்லையா, இது ஏதும் வருத்தமா? அம்மாவிடம் உண்மையைச் சொல்லவா?

பெயர் வேண்டாம், சூரிச்

அன்புள்ள சகோதரிக்கு,

வருத்தம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் நித்திரையும் சாப்பாடும் வாரக்கணக்கில் குழம்பிக் கிடந்தால் உங்கள் டாக்டரிடம் நேரில் கதையுங்கள், மற்றபடி இதற்கு ஒரு பெரிய பெயர் வைக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுக்கு வந்து உடம்பால் உழைத்த பெற்றோரின் பிள்ளைகள் பலர் இதே கதையோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். அம்மா அப்பாவுக்குக் கிடைக்காத ஒன்று கைக்கு வரும்போது, அதை வாங்கிக்கொள்வதே அவர்களை விட்டுக்கொடுப்பது மாதிரித் தோன்றும். அன்று விடிய நீங்கள் அம்மாவின் பக்கம் போய் நின்றிருக்கிறீர்கள்.

ஆனால் ஒன்றை நேராகச் சொல்கிறேன், நீங்கள் கட்டில் விரித்ததால் அந்தப் பெண்ணுக்கு வேலை பெரிதாகக் குறைந்திருக்காது. அவர் தன் முறைப்படி அதைப் பிரித்துத் திரும்ப விரித்திருப்பார், வேண்டுமானால் அம்மாவிடமே கேட்டுப் பாருங்கள். அழுக்குத் துவாய்களை ஒரே இடத்தில் போடுவது, சொன்ன நேரத்துக்கு அறையைக் காலி செய்வது, மேசையில் காசு வைப்பது, எதிரே கண்டால் நின்று வணக்கம் சொல்வது, இவைதான் உதவும். (இன்று துப்புரவு வேண்டாம் என்று அட்டை தொங்கவிடுவது பெரிய உபகாரம் என்று நினைப்போம், பல இடங்களில் அது மறுநாளைக்கு இரட்டை அழுக்காகத்தான் முடிகிறது.)

அந்த வேலை செய்யும் பெண்கள் வாயில்லாதவர்களும் இல்லை. ஸ்பெயினில் அவர்கள் லாஸ் கெல்லிஸ் என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து, 2016இல் சங்கமாகப் பதிந்து, சம்பளத்துக்காகவும் தேய்ந்துபோன முதுகுகளுக்காகவும் தெருவில் இறங்கிப் போராடுகிறார்கள். மயோர்க்கா இருக்கும் பலேயாரிக் தீவுகளில் 2022இல் வந்த சுற்றுலாச் சட்டம், ஹோட்டல்கள் உயர்த்தித் தாழ்த்தக்கூடிய கட்டில்களைப் போட வேண்டும் என்கிறது, குனிந்து மெத்தை தூக்குகிறவர்களுக்காகவே. அவர்கள் கேட்டது இந்த மாதிரி விஷயங்களைத்தான்.

பரண் விஷயத்தில் நீங்கள் நித்திரை இழந்ததைக் குறையாக எடுக்காதீர்கள். மயோர்க்காவின் பழைய பெரும் பண்ணைகள் பலவற்றின் கதை அதுதான். நிலத்துக்காரர் பெரும்பாலும் பால்மா நகரத்தில் இருப்பார், பண்ணையைக் குத்தகைக்காரர் நடத்துவார், ஒலிவ் காலத்தில் பெண்கள் கூலிக்கு வருவார்கள். 2011இல் யுனெஸ்கோ அந்த மலைத்தொடரை உலக மரபுரிமையாக அறிவித்ததே, சாந்து இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய அந்த வரம்புகளும் தண்ணீர் வாய்க்கால்களும் சேர்ந்த நிலத்துக்காகத்தான். அதுவும் கூலிக் கைகளின் வேலை. கூட வந்தவர்கள் வீட்டை மட்டும் பார்த்தார்கள், நீங்கள் அதில் படுத்து எழும்பியவர்களையும் பார்த்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அந்தச் சுற்றலில் காசுக்கு முழுப் பலன் எடுத்தது நீங்கள்தான்.

உங்கள் கணவர் பக்கம் வருவோம். உங்களைக் கேட்காமல் போட்டது அவர் செய்த அரைப் பிழை, இப்படியான பெரிய செலவை இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும், பிறந்தநாள் என்றாலும். ஆனால் நீங்கள் விடிய எழும்பித் தொட்டி துடைத்தபோது, தன் பரிசைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்றுதான் அவருக்குப் பட்டிருக்கும். அம்மா ஹோட்டலில் வேலை செய்தவர் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், அந்தச் சனிக்கிழமைகள் தெரியுமா? வாத்தியார் மகனுக்கு விளங்காது என்று முடித்துவிட்டால் எப்படி விளங்கும்? ஒரு நாள் பிள்ளைகள் இல்லாத நேரத்தில், நடந்துகொண்டே, முழுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அடுத்த வருடத்தைப் பற்றிப் பேசலாம். அதே தீவில் பண்ணைக் குடும்பம் இன்னும் குடியிருந்து சில அறைகளை மட்டும் விருந்தினருக்கு விடும் இடங்கள் இருக்கின்றன, பெப்ரவரியில் வாதுமை பூக்கும் நேரம் கூட்டமும் குறைவு, அது உங்களுக்குப் பொருந்தலாம். இல்லை, சொகுசு ஹோட்டலே வேண்டாம் என்றால் வேண்டாம், எல்லாருக்கும் எல்லாம் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

அம்மாவிடம் சொல்லுங்கள், போட்டோக்களோடு. அந்தக் கட்டில் சட்டத்தைப் பற்றியும் சொல்லுங்கள், எங்கள் காலத்தில் இது எங்கே போயிருந்தது என்று கேட்பார். உணர்ச்சிவசப்பட்டு அவரையும் அங்கே கூட்டிப்போகிறேன் என்று உடனே டிக்கெட் மட்டும் போட்டுவிடாதீர்கள், ஹோட்டல் அறைகளை அவர் போதும் போதும் என்று பார்த்துவிட்டவர், முதலில் கேளுங்கள். விலையைக் கேட்டால் உண்மையான விலையைச் சொல்லுங்கள். கட்டாயம் திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள்.