குதிரையின் எலும்பு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குதிரையின் ஸ்டெம் செல்களை (பலவகைத் திசுக்களாக மாறக்கூடிய செல்கள்), கட்டடச் சாரம் போன்ற ஒன்றில் வளர்த்து எலும்புத் திசு உருவாக்கியிருப்பதாகப் படித்தேன். அப்படியிருந்தும் கால் முறிந்த பந்தயக் குதிரைகளை ஏன் இன்னும் கருணைக்கொலை செய்கிறார்கள்?

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

நீங்கள் படித்தது உண்மைதான். குதிரையின் மார்பெலும்பிலிருந்தோ இடுப்பெலும்பிலிருந்தோ ஊசியால் மஜ்ஜையை உறிஞ்சி எடுக்கிறார்கள். மஜ்ஜைக்குப் பதிலாக வாலடிக் கொழுப்பை எடுப்பதும் உண்டு. இவற்றிலிருக்கும் ஸ்டெம் செல்களைப் பெருக்கி, டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, வைட்டமின் சி, பீட்டா கிளிசரோபாஸ்பேட் கலந்த கரைசலில் சில வாரங்கள் வைத்தால், அவை எலும்புச் செல்களாக மாறத் தொடங்கித் தம்மைச் சுற்றிக் கால்சியத்தைப் படியவிடும். அலிசரின் ரெட் சாயம் ஊற்றினால் படிந்த இடமெல்லாம் செக்கச்செவேலென்று ஆகிவிடும். பார்க்க அத்தனை அழகு! ஆனால் அந்தச் சிவப்பு கால்சியத்துக்குத்தான் சாட்சி, வலுவுக்கு அல்ல.

சாரம் என்பது ஹைட்ராக்ஸிஅபடைட் போன்ற பீங்கானாகவோ, உடலுக்குள் மெல்லக் கரையும் பாலிகாப்ரோலாக்டோன் போன்ற பிளாஸ்டிக்காகவோ இருக்கும். உள்ளே முழுக்கத் துளைகள்; செல்கள் அவற்றுக்குள்தான் குடியேறும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ரத்தக் குழாயிலிருந்து சுமார் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் செல்லுக்கு ஆக்ஸிஜன் போதாது. மெல்லிய படலத்தை வளர்த்துவிடலாம். கனமான துண்டு என்றால், ரத்தக் குழாய்கள் உள்ளே நுழைவதற்குள் நடுவிலுள்ள செல்கள் செத்துவிடும்.

சரி, எலும்பு கூடிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 2006இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற பார்பரோ என்ற குதிரைக்கு, இரண்டே வாரத்தில் பிரீக்னஸ் பந்தயத்தில் வலது பின்னங்கால் நொறுங்கியது. உலோகத் தகடும் 27 திருகாணிகளும் வைத்தார்கள். முறிந்த எலும்பு பெருமளவு கூடிவந்தது. ஆனால் பாரத்தைத் தாங்கிய இடது பின்னங்காலில் லாமினைடிஸ் வந்துவிட்டது. குளம்பையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைக்கும் திசு சிதைகிற நோய் அது. பின்பு முன்னங்கால்களிலும் வந்தது. 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்தார்கள்.

ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள பிராணி அது. மனிதனைப் போல மாதக்கணக்கில் படுக்கவைக்க முடியாது. முறிந்த காலைத் தூக்கினால் மற்ற கால்கள்தான் சுமக்க வேண்டும்.

அதனால்தான் இந்த ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. முழு எலும்பைச் செய்து பொருத்துவதெல்லாம் இப்போதைக்குப் பேராசை. முறிவில் உள்ள சிறு இடைவெளியை இந்தச் செல்களும் சாரமும் சேர்ந்து சில வாரங்கள் முன்னதாக அடைத்துவிட்டால் போதும், மற்ற கால்களின் பாரம் அத்தனை வாரம் குறையும்.